மாமரத்தடி டிராக்டரும் சாவியில்லாத அலமாரியும்

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் காலையில் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு பேரூராட்சியில் பொது ஏலம். டிராக்டர் டிரெய்லர், பழைய இரும்புக் குழாய்கள், மேசை நாற்காலி அலமாரிகள், இடித்து அகற்ற வேண்டிய ஒரு பம்ப் ஹவுஸ். பையன் செங்கல் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறான், டிரெய்லர் மேல் கண்.

"சாரே, நம்மள மாதிரி ஆளு போனா குடுப்பினுமா? இல்ல, எல்லாம் நேரத்தே பேசி வச்சிருப்பினுமா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் பதில் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. திண்ணையில் உட்கார வைத்துச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் மறைத்து.

நான் 1992-ல் இளநிலை உதவியாளராகப் பேரூராட்சி வேலைக்கு வந்தவன். 58-ல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், மறு வருடம் 60 ஆக்கினார்கள். அப்படி 2023 வரை உட்கார்ந்திருந்தேன். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதுக்கும் மேல். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதே தெரியாது, பேரூராட்சிப் பெயர்ப் பலகையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பலகைகளில் ஏழெட்டுக்குப் பின்னால் நான் வேலை பார்த்திருக்கிறேன். எது எங்கே நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அரசு அலுவலகத்தில் ஒரு பொருள் வந்த உடனே அதற்கு இருப்புப் பதிவேட்டில் ஒரு எண் விழும். குப்பை அள்ளும் மண்வெட்டிக்கும் உண்டு, ஜீப்புக்கும் உண்டு. அந்தப் பொருள் உடைந்தாலும், துருப்பிடித்தாலும், பாதி காணாமல் போனாலும் எண் உயிரோடுதான் இருக்கும். அந்த எண்ணை எடுக்கிற வேலைக்குப் பெயர் கழிவு செய்வது. பேச்சில் 'கண்டம் பண்ணுவது' என்போம். வண்டி கண்டமாகிவிட்டது என்றால் ஓட்டத்துக்கு உதவாது என்று எழுத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்த ஒருவர் கிடைப்பதுதான் பாடு.

டிராக்டர் கதையைச் சொல்கிறேன். நான் மாற்றலாகிப் போன ஒரு அலுவலகத்தின் பின்பக்கம் மாமரத்தடியில் ஒரு டிராக்டர் நின்றது. குப்பை இழுத்த வண்டி. 2009-ல் இன்ஜின் இறங்கிவிட்டது, அத்தோடு நின்றுபோனது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் அந்த வருடமே வந்து பார்த்துவிட்டு, 85,000 வரை தரலாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். வாய்மொழிக்கு எங்கள் பதிவேட்டில் இடம் கிடையாது. ஓட்டுநர் அறிக்கை எழுத வேண்டும். அரசு தானியங்கிப் பணிமனையிலிருந்து பொறியாளர் வந்து பார்த்து, பழுது பார்ப்பது லாபமில்லை என்று சான்று கொடுத்து, விலையும் மதிப்பிட வேண்டும். மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். அப்புறம் நாகர்கோவிலில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குக் கோப்பு போக வேண்டும். கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வரும். பதில் எழுதுவதற்குள் மதிப்பீடு போட்டு ஒரு வருடம் தாண்டியிருக்கும், புது மதிப்பீடு கேட்பார்கள். புது மதிப்பீட்டில் விலை குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

நான் போன பிறகு அந்தக் கோப்பு என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு முறை எழுதாமல் அடியில் வைத்தேன். ஒளிக்க வேண்டியதில்லை, இப்போது ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. காரணம் சோம்பல் இல்லை, உள்ளாட்சி நிதித் தணிக்கை. வருடா வருடம் வந்து கணக்குகளைப் புரட்டுவார்கள். ஒரு பொருளை விற்றால், ஏன் இந்த விலைக்கு விற்றாய், குறைந்துபோன 20,000-ஐ யாரிடம் வசூலிப்பது என்று தடை, அதாவது ஆட்சேபணை, எழுதிவிட்டுப் போவார்கள். தடை தீராமல் ஓய்வு பெற்றால் பணப்பலன் இழுபடும். அதே பொருளை மழையில் விட்டால், ஏன் மழையில் விட்டாய் என்று கேட்பதற்கு அவர்களிடம் படிவம் எதுவும் இல்லை. பதிவேட்டில் எண் இருக்கிறதா, பின்பக்கம் வண்டி நிற்கிறதா, சரி. டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இருபது வருடம் கழித்து ஓய்வு பெறப்போகிற எழுத்தன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான்?

2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. செயல் அலுவலரே தனி அலுவலர். அதாவது, தீர்மானத்தை வைக்கிறவரும் அவரே, நிறைவேற்றுகிறவரும் அவரே, பிறகு அதன்படி நடவடிக்கை எடுக்கிறவரும் அவரே. வெளியிலிருந்து பார்த்தால் வேலை சுலபமாக வேண்டும். நடந்தது நேர் எதிர். பதினைந்து கவுன்சிலர்கள் சேர்ந்து கைதூக்கினால் பொறுப்பு பதினைந்தாகப் பிரியும், தனியாகக் கையெழுத்துப் போட்டால் முழுதும் தன் தலையில். பலர் பேனாவை மூடியே வைத்திருந்தார்கள். எங்கள் டிராக்டருக்கு மட்டும் 2018-ல் துணிச்சலான ஒரு அம்மா செயல் அலுவலராக வந்தார், ஒரே மாதத்தில் ஏலம் போட்டார். அதற்குள் பேட்டரி, ரேடியேட்டர், முன் சக்கரம் ஒன்று எல்லாம் எங்கோ போய்விட்டன. மாமர வேர் பின் சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தது. போன விலை 31,500. ஆக்கர் கடைக்காரர், பழைய இரும்பு வாங்குகிறவர், எடுத்தார், அங்கேயே கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடைக்குக் கொண்டு போனார்.

ஏலத்தில் கொள்ளை போகிறது, கூட்டுக் களவாணிகள் என்று டீக்கடையில் எல்லாரும் பேசுவார்கள். பேசட்டும், உண்மையும் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ஏலத்தன்று போனது சில ஆயிரம். மாமரத்தடியில் ஒன்பது வருடத்தில் போனது அரை லட்சத்துக்கு மேல். அதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

மரம் இன்னும் மோசம். 2017 நவம்பர் 30 ஒக்கி நாள் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. மீன்பிடிக்கப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை, அதற்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. கரையில் ரப்பரும் வாழையும் படுத்தன, மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டு. எங்கள் பேரூராட்சி வளாகத்தில் ஒரு அயனி மரம் வேரோடு சாய்ந்தது. அயனி என்றால் ஆஞ்சிலி. கதவுக்கும் கட்டிலுக்கும் வள்ளத்துக்கும் தேக்குக்கு அடுத்து நாங்கள் தேடுவது இதைத்தான். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற தடி. விழுந்த வாரமே தடி மில்லுக்காரர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, "கொள்ளாம், நல்ல காதல்" என்றார். காதல் என்றால் வைரம் பாய்ந்த நடுப்பகுதி, வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

மரத்துக்கு விலை போடுவது நாங்கள் இல்லை, வனத்துறை. அந்த நேரத்தில் மாவட்டம் முழுக்க மரம் விழுந்து கிடந்தது, அவர்களும் எத்தனை இடத்துக்கு ஓடுவார்கள்? அளவெடுக்க ஆள் வந்தபோது பங்குனி. விலை வந்தபோது இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவம். ஏலத்துக்குத் தேதி வைத்தபோது தடியின் அடிப்பாகத்தில் சிதல் என்கிற கரையான் ஏறிவிட்டது. மதிப்பிட்ட விலைக்கு ஆள் வரவில்லை, இரண்டாம் ஏலம், மூன்றாம் ஏலம். கடைசியில் விறகு விலைக்குப் போனது. சர்க்கார் மதிப்புக்குக் கீழே முதல் ஏலத்திலேயே கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சிதலுக்கு அந்த நிபந்தனை தெரியாது.

இனி கூட்டு. எங்கள் அலுவலகப் பேச்சில் சிண்டிகேட். நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன், 2013 வாக்கில் நடந்தது.

ஒரு பேரூராட்சியின் பழைய அலுவலகக் கட்டடம். திருவிதாங்கூர் காலத்து மராமத்துக்காரர்கள் கட்டியது. வெட்டுக்கல் சுவர், மேலே ஓடு, உள்ளே அயனிக் கழுக்கோல், தேக்கு உத்திரம், நிலைக்கதவு நான்கு. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நம் மண்ணில் நிற்கிற பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளம் தன்னிடமே வைத்துக்கொண்டது, இன்றும் அவர்கள் தொல்லியல் துறைதான் பார்க்கிறது, நன்றாகவே பார்க்கிறது. இந்த மாதிரிக் குட்டி ஆபீஸ்களை யாரும் கேட்கவில்லை. ஒழுக ஒழுக அதிலேயே 2011 வரை வரி வசூலித்தோம். புதுக் கட்டடம் வந்ததும் பழையதை இடித்து அகற்ற ஏலம்.

இதற்கு உதவிப் பொறியாளர் மதிப்புப் போடுவார். ஓடு இத்தனை, மரம் இத்தனை கன அடி, கல் இத்தனை என்று கூட்டி, அதிலிருந்து இடிக்கிற கூலி, மண் அள்ளுகிற செலவைக் கழிப்பார். மிச்சம்தான் குறைந்தபட்ச ஏலத்தொகை. 62,000 என்று வந்தது. தேக்கை உள்ளே போய்த் தட்டிப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பொறியாளர் பொய் சொல்லவில்லை, அட்டவணை விலைப்படி போட்டார், பழைய தேக்கின் சந்தை விலைக்கு அதில் கட்டம் இல்லை.

அறிவிப்பு ஒட்டினோம். எங்கள் பலகையில், தாலுகா அலுவலகப் பலகையில், ஒரு பத்திரிகையில். எந்தப் பத்திரிகை என்றால், சட்டப்படி போதுமானது, ஊரில் மூன்று பேர் வாங்குகிறது. ஏலத்தன்று காலை ஒன்பது மணிக்கே எதிரே டீக்கடையில் பெஞ்சு நிறைந்துவிட்டது. மார்த்தாண்டம், தக்கலை, இன்னும் தெற்கே இருந்தும் பழைய மரம் வாங்குகிறவர்கள் எட்டு பேர். என் ஜன்னலிலிருந்து தெளிவாகத் தெரியும். உள்ளே நடக்கிற ஏலத்துக்கு முன்னால் அங்கே ஒன்று முடிந்துவிடும். ஒருவர் மட்டும் 62,000-க்கு மேல் ஐந்நூறு கேட்பார். மற்ற ஏழு பேர் வைப்புத்தொகை கட்டி, உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏலம் முடிந்த பிறகு டீக்கடைப் பின்பக்கம் மறு ஏலம். அது நிஜ ஏலம். அதில் ஒன்றரை லட்சத்துக்குப் போனால், இடையில் உள்ள பணத்தை எட்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு ஓட்டைக்கூடத் தொடாமல் ஏழு பேர் ஆளுக்குக் கிட்டத்தட்ட பதினோராயிரத்தோடு பஸ் ஏறுவார்கள். காகிதத்தில் பார்த்தால் எட்டு பேர் கலந்துகொண்ட, மிக ஒழுங்கான ஏலம். அந்தக் குறிப்பை அழகான கையெழுத்தில் எழுதுகிறவன் நான்.

அன்று மட்டும் ஒன்பதாவதாக ஒரு அக்கா வந்துவிட்டார். நர்ஸாக வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், வீடு கட்டுகிறார், பழைய கதவும் ஓடும் வைத்துக் கட்ட ஆசை. வரைவோலை கையில். டீக்கடையில் இருந்து ஒருவர் ஓடிவந்து "எக்கா, ஒரு சாயா குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றார். அவர் காதில் வாங்கவில்லை. 62,000-ல் தொடங்கியது லட்சத்தைத் தாண்டி, 1,85,000-ல் நின்றது. எடுத்தவர் அக்காதான். செயல் அலுவலருக்கே வியர்த்துவிட்டது, மன்றத்தில் வாயாரப் பாராட்டு.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாகச் சொல்வேன். ஏல நிபந்தனையில் ஒரு வரி உண்டு: உத்தரவு கிடைத்த பதினைந்து நாளில் இடித்து, மண்ணும் கல்லும் உட்பட அகற்றி, இடத்தைச் சமமாக்கித் தர வேண்டும், தவறினால் மிச்சமுள்ளது பேரூராட்சிக்கு. வியாபாரிக்கு ஆளும் வண்டியும் கிடங்கும் உண்டு. அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? இடிக்கிற ஆட்கள் யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யூகிக்கலாம், எல்லா ஆட்களும் அந்த எட்டு பேரிடம் வேலை செய்கிறவர்கள். ஓட்டையும் கதவையும் மட்டும் எப்படியோ இறக்கினார், அப்புறம் மழை. நீட்டிப்புக் கேட்டு மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். பத்து நாள் கிடைத்தது. கடைசியில் சுவரையும் உத்திரத்தையும் அதே எட்டில் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார், என்ன விலைக்கு என்று அவர் சொல்லவில்லை. கதவு மட்டும் அவர் வீட்டில் இருக்கிறது. கிருகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தார், போய்த் தொட்டுப் பார்த்தேன்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. நான் பதினொரு வருடம் எழுதிய மேசை. ஒரே பலகையில் செய்த தேக்கு மேல்தட்டு, வலது ஓரத்தில் சீல் மை ஊறிய வட்டம். கழிவுப் பட்டியலில் அதை எழுதியதும் நான், வரிசை எண் 23. பேரூராட்சிப் பணியாளரோ குடும்பத்தாரோ ஏலம் கேட்கக்கூடாது என்று நிபந்தனையில் எழுதியதும் நானே. சரியான நிபந்தனைதான், மாற்றச் சொல்லமாட்டேன். உடைந்த நாற்காலிகளோடு லாட்டாகப் போனது. 350 ரூபாய்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். சில பொருள்களுக்கு இந்தக் கதையே மாறிவிட்டது. முன்பெல்லாம் அரசு ஜீப்பை ஏலத்தில் எடுத்துப் பெயிண்ட் அடித்து எஸ்டேட்டில் ஓட்டுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாது, உள்ளாட்சி வண்டிகளும் அதில் அடக்கம். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மின்னணுக் கழிவுக்கும் அதே தேதியில் புது விதிகள் வந்தன, பழைய கம்ப்யூட்டரை ஆக்கர் கடைக்குப் போட முடியாது. நல்ல விதிகள். எங்கள் கடைசி அலுவலகத்தில் இரண்டு மானிட்டரும் ஒரு யூபிஎஸ்ஸும் கழிவறைக்கு வெளியே அட்டைப் பெட்டியில் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், புறம்போக்கைப் பேரூராட்சி தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது, அது தனிப் புராணம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் பையன் போயே தீருவேன் என்றான். வரைவோலையைச் செயல் அலுவலர் பெயரில் எடு, முந்தின நாளே போய்ப் பொருளைக் கண்ணால் பார், டிரெய்லரின் அடித்தட்டைக் குனிந்து பார், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்பதை மனதில் வைத்துக் கேள் என்றேன். துணைக்கு நானும் போனேன். ஓய்வு பெற்றவன் கேட்கலாம், தடையில்லை. அதனால் சும்மா நானும் ஒரு வைப்புத்தொகை கட்டினேன்.

அலுவலக வாசலில் இறங்கியதுமே ஒருவர் வந்தார். முடி நரைத்திருந்தது, 2013-ல் அந்த எட்டு பேரில் ஒருவர். "சாரே, சொகந்தானா? வாங்க, ஒரு சாயா குடிக்கலாம்."

"எனக்கு சுகர்."

"சீனி போடாம சொல்லுதேன்."

முப்பத்தொரு வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த பெஞ்சு. ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றுகூடத் தோன்றியது. பையனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று உள்ளே போய்விட்டோம்.

டிரெய்லர் 18,000-ல் தொடங்கியது. பையன் விடவில்லை, 36,000 வரை போனான். அதற்கு மேல் அவன் கையில் இல்லை. நரைத்தவர் 36,500 என்றார், முடிந்தது. மதிப்பு இரண்டு மடங்கானதில் பேரூராட்சிக்குச் சந்தோஷம், எங்களுக்கு வந்த வழியே திரும்புகிற வேலை. எனக்கு மூளைக்குள் ஏதோ ஏறிவிட்டது. அடுத்து வந்த இரும்பு அலமாரிக்குக் கையைத் தூக்கினேன். 1,200-ல் தொடங்கியது. அவர்கள் ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டே வந்தார்கள், நானும் விடவில்லை. 4,100 என்று நான் சொன்னதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பதிவேடு எழுதிய பெண் என்னிடம் வேலை கற்றவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், முகவரி அதேதானா?" என்று கேட்டாள்.

ஜி.எஸ்.டி. 738. ஆட்டோவில் ஏற்றி இறக்க 600. வீட்டுக்காரி வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது தொறக்குமா?" என்றாள்.

பூட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.